மலையேறும் ஜீப்பில் ஸ்லோ ஸ்பீடு, ஆக்சிலேட்டர் கோளாறுகள்

தொழில் பழகும் தம்பிமார்களுக்கான பட்டறைப் பாடம்

"பாய், ஸ்லோவுல வண்டி நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் ஏத்தி விட்டுருங்க, காலைல மேல போகணும்." போடியிலிருந்து கூடலூர் வரை எந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாலும் இந்தப் பேச்சை நீங்கள் அடிக்கடி கேட்கப் போகிறீர்கள். ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவைத் திருப்புவது ஒரு நிமிட வேலை. இன்ஜின் நின்று ஓடும். டிரைவர் சந்தோஷமாகப் போவார். கோளாறும் அவர் கூடவே மலையேறிப் போகும்.

அந்த ஸ்குரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பதே இந்தப் பாடம். அதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், ஏன் அந்த வரிசை என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் அந்த ஜீப்பில் யார் போகிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். சுபுஹு பாங்கு சொல்லும் நேரத்திலேயே கம்பம், தேவாரம், கோம்பை, போடிப் பக்கமெல்லாம் ஜீப்புகள் கிளம்பத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் கையுமாக ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பம் மெட்டு வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமும், போடி மெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கமும் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குகிறார்கள். போடி மெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இழுவை இல்லாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது ஆக்சிலேட்டர் திரும்பாமல் மாட்டிக்கொண்டால் நடப்பது வேறு. பட்டறைக்கு வந்த வண்டி நம்மிடம் உள்ள அமானிதம் என்றால், அதில் மறுநாள் காலை ஏறப் போகிறவர்களின் உயிரும் அதில் சேர்த்தி. அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது தனிப் பேச்சு. அதைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மலைக்கு இவை பழைய வண்டிகள். 1945இல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய 'மகிந்திரா அண்ட் முகமது' நிறுவனம்தான் இன்றைய மகிந்திரா அண்ட் மகிந்திரா. பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மாறியது. வில்லிஸ் ஜீப்புகளை 1947 முதல் இங்கே பூட்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு அவை பெட்ரோல் வண்டிகள். பிறகு பியூஜோ டீசல் இன்ஜின் வந்தது, அதன்பின் 2,523 சிசி டிஐ இன்ஜின் வந்தது. இன்று தோட்டத்துக்கு ஓடும் கமாண்டர், மேஜர் வகைகளில் நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் கம்ப்யூட்டர் இல்லாத டீசல் இன்ஜின்கள்தான். இவற்றில் ஸ்கேனர் மாட்டி எதுவும் படிக்க முடியாது. கண், காது, கை, கொஞ்சம் பொறுமை இவைதான் கருவிகள். வெளிநாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்களும் இதே முறையில்தான் பார்க்கிறார்கள். எம்ஜி போன்ற கார்களில் இரட்டைக் கார்ப்ரேட்டர் இருக்கும். ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு கார்ப்ரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, உள்ளே போகும் காற்றின் சீறல் இரண்டிலும் சமமாகக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் விலை போட்ட மீட்டர் செய்யும் வேலையை அந்த ரப்பர் குழாய் செய்துவிடும்.

சரி, ஸ்லோ ஸ்பீடில்தான் ஏன் எல்லாக் கோளாறும் முதலில் தெரிகிறது? ஒரு கணக்குப் போடுவோம். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் ஆகையால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டரில் டீசல் பாயும். ஆக ஒரு சிலிண்டருக்கு 400, நான்குக்கும் சேர்த்து 1,600 பாய்ச்சல் ஒரு நிமிடத்தில். ஒரு மணி நேரத்தில் 96,000. சும்மா நின்று ஓட மணிக்கு முக்கால் லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பாய்ச்சலுக்கு வருவது சுமார் 8 கன மில்லிமீட்டர். கண்ணுக்கு மருந்து விடும்போது விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 50 கன மில்லிமீட்டர் இருக்கும். அதில் ஆறில் ஒரு பங்கு! இத்தனை சின்ன அளவில் ஒரு காற்றுக் குமிழி குறுக்கே வந்தாலும், ஒரு நாசில் கொஞ்சம் கசிந்தாலும், இன்ஜின் தள்ளாடும். ரேஸ் கொடுத்தால் டீசலின் அளவு பல மடங்கு கூடுவதால் அதே குறை மறைந்துவிடும். ஸ்லோவை ஏற்றி வைத்தால் கோளாறு போனமாதிரி தெரிவதும் இதனால்தான். போகவில்லை, மறைந்து நிற்கிறது.

ஸ்லோவை ஏற்றிய வண்டி மலையிறங்கும்போது என்ன செய்யும் என்றும் புரிந்துகொள்ளுங்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும் என்பதற்காக. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பம்பிலுள்ள கவர்னர் டீசலைக் குறைக்கும்; சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும்; அந்தச் சுமை வண்டியைப் பிடிக்கும். ஸ்லோ 800இல் இல்லாமல் 1,200இல் இருந்தால், வளைவில் வேகம் குறையும் இடத்தில் பிடிக்க வேண்டிய இன்ஜின் தள்ளத் தொடங்கும். டிரைவர் பிரேக்கை இன்னும் அழுத்துவார். 17 வளைவுக்கு அப்படியே அழுத்திக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, கீழ் வளைவுகளுக்கு வரும்போது பிரேக் தளர்ந்திருக்கும்.

ஸ்லோ மிகக் குறைந்து இன்ஜின் நின்று நின்று போவதும் இதைவிடப் பாதுகாப்பானதல்ல. வேக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக்குக்கு உதவுவது இன்ஜினால் சுற்றும் வேக்குவம் பம்பு. இன்ஜின் நின்றபின் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் வழக்கம் சில டிரைவர்களிடம் இருக்கிறது. கியரில் இருந்தால் நின்ற இன்ஜினையும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் அதுவும் கிடையாது.

இனி வேலைக்கு வருவோம். ஸ்பேனரை எடுக்குமுன் டிரைவரிடம் பேசுங்கள். எப்போது செய்கிறது, குளிர்ந்திருக்கும்போதா, சூடானபின்னா? மேலே மட்டுமா, கீழேயுமா? கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து? கடைசியாக வண்டியில் யார் கை வைத்தார்கள், என்ன மாற்றினார்கள்? இதில் கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் உண்மையான பதில் கிடைக்கும். "முந்தாநாள் டீசல் ஃபில்டர் மாத்தினோம்" என்று ஒருவர் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கேட்கும்போது குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். சாட்டினால் மறைப்பார்கள்.

அடுத்து, பெடலிலிருந்து தொடங்குங்கள். பம்பிலிருந்து தொடங்காதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கட்டும், நீங்கள் பானெட்டைத் திறந்து பம்பின் லிவரைப் பாருங்கள். பெடல் முழுவதும் மேலே இருக்கும்போது லிவர் ஸ்லோ ஸ்குரூவில் போய் உட்கார வேண்டும். பெடல் முழுவதும் கீழே போகும்போது மேல்வேக ஸ்குரூவைத் தொட வேண்டும். இந்த இரண்டு தொடுதலையும் கண்ணால் பார்த்தபிறகுதான் அடுத்த வேலை.

லிவர் மேல்வேக ஸ்குரூவைத் தொடவில்லையா? "மலையில இழுவை இல்ல, பம்பை ஏத்திக் குடுங்க" என்று வருகிற வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இதுதான் நோய். கேபிள் நீண்டு தொங்கியிருக்கும், கம்பி லிங்கேஜாக இருந்தால் அதன் பந்து முனைகள் தேய்ந்திருக்கும், பெடலின் கீழே இரண்டாவது மேட் போட்டிருப்பார்கள், சில நேரம் காய்ந்த சேறே ஓர் அங்குலத்துக்கு இருக்கும். டிரைவர் முழுக்க மிதிப்பதாக நினைக்கிறார், பம்புக்கு முக்கால்தான் போய்ச் சேருகிறது. லிவர் ஸ்லோ ஸ்குரூவில் வந்து உட்காரவில்லையானால் அது எதிர்ப் பக்கத்து நோய். கேபிளை இழுத்துக் கட்டியிருப்பார்கள், அல்லது உள்ளே கம்பி பிரிந்து உறையில் உரசும், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிக் கையில் இழுத்துப் பாருங்கள். வழவழவென்று போய்வர வேண்டும். எங்காவது 'கறுக்' என்று பிடித்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள், மாற்றுங்கள். மலை வண்டியில் பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் வைத்தியம் கூடவே கூடாது. ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் டியூப் துண்டைக் கட்டியிருப்பதையும் பார்ப்பீர்கள். அதை அங்கேயே அறுத்துப் போட்டுவிட்டுப் புது ஸ்பிரிங் மாட்டுங்கள், டிரைவர் கேட்காவிட்டாலும்.

கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கேபிள் இல்லாதபோது ஸ்லோ சரியாக நின்றால் குற்றவாளி பெடல் பக்கம். அப்போதும் தள்ளாடினால் இனி டீசல் பக்கம் போகலாம்.

டீசல் பக்கத்தில் முதல் சந்தேகம் காற்று. டேங்க்கிலிருந்து ஃபீடு பம்பு வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஒழுகலைத் தேடி ஈரத்தைப் பார்க்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஃபீடு பம்புக்கு அப்பால் அழுத்தம் இருப்பதால் அங்கே ஓட்டை இருந்தால் ஈரம் தெரியும். வறண்டு கிடக்கும் குழாயில் ஓட்டை இல்லை என்று அர்த்தமல்ல.

இதற்கு நான் சொல்லித்தரும் சோதனை மிகச் சுலபமானது. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசலை எடுத்து, இன்ஜினுக்குப் பக்கத்தில், சுழலும் பாகங்களுக்கும் சைலன்ஸருக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். டேங்க்கிலிருந்து வரும் குழாயை ஃபீடு பம்பிலிருந்து கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற ஓஸ் ஒன்றை மாட்டிக் கேனுக்குள் விடுங்கள். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடட்டும். தள்ளாட்டம் போய்விட்டதா? அப்படியானால் பம்பு, நாசில், கவர்னர் எல்லாம் குற்றமற்றவை. பிழை டேங்க்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவில். வெடித்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளிப், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் வாஷர், சேஸிஸ் ஓரமாக உரசித் துளைவிழுந்த இரும்புக் குழாய், டேங்க்குக்குள் இருக்கும் சல்லடை, இவற்றில் ஒன்று. தள்ளாட்டம் அப்படியே இருக்கிறதா? டேங்க் பக்கத்தை விட்டுவிடலாம். ஒரு கேனும் ஓர் ஓஸும் வண்டியை இரண்டாக வெட்டிப் பாதியை நம் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடுகின்றன. பம்பைத் தேவையில்லாமல் இறக்கி மதுரைக்கு அனுப்பினால் ஆயிரக்கணக்கில் செலவு. அத்தோடு அந்த வண்டியை நம்பியிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி போகும்.

அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு மெதுவாக மூச்சடைத்து நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று வர வழியில்லாமல் உறிஞ்சல் ஏற்பட்டு, ஃபீடு பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. ஒரு குண்டூசியால் முடியும் வேலை.

காற்று எடுப்பதிலும் அவசரம் கூடாது. ஃபில்டர் தலையில் உள்ள காற்று ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பிரைமரை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு கெட்டியான டீசல் வரும். கெட்டியாக வந்தபிறகும் பத்து அடி அடித்துவிட்டு, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை முடுக்குங்கள். பிறகு பம்பின் காற்று ஸ்குரூவுக்கும் அதே வேலை. ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் செம்பு வாஷரையும் மாற்றுங்கள். பழைய வாஷரைத் தேய்த்து மறுபடி போடுவதால் மிச்சமாவது சில ரூபாய், வருவது இந்தத் தள்ளாட்டம்.

காற்றும் இல்லை, கேபிளும் நன்று, இன்னும் இன்ஜின் ஒரே சீராக ஒரு பக்கம் இடறுகிறது என்றால் நாசிலைச் சந்தேகப்படலாம். ஸ்லோவில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் இன்னும் மோசமாகும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றி மாட்டுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசில். பழைய இடத்திலேயே நின்றால் வால்வு, டாப்பெட், கம்ப்ரஷன் என்று வேறு பாதை.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நட்டைச் சுற்றித் துணி வையுங்கள், பாயும் டீசலுக்கு நேராகக் கையைக் காட்டாதீர்கள். நாசிலிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி ஆனால் கழுவிக் கட்டுப்போட்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், 'டீசல் பாய்ந்துவிட்டது' என்று சொல்லுங்கள். இரண்டாவது எச்சரிக்கை: இந்தச் சோதனை பழைய பம்பு வண்டிகளுக்கு மட்டும். காமன் ரெயில் டீசல் வண்டியில் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் நிற்கும். அதில் ஓடும் இன்ஜினின் நட்டில் ஸ்பேனர் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறி, வெள்ளைப் புகை விட்டு, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிற பழைய பியூஜோ இன்ஜினுக்கு நாசிலைக் கழற்ற வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் மேலே எஸ்டேட்டில் இரவு தங்கும் வண்டிகளில் இது அதிகம். ஹீட்டர் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லாம்பைப் பிளக்கின் முனையில் வையுங்கள். விளக்கு எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. எரியாத பிளக்கை மாற்றுங்கள்.

இடறாமல், ஆனால் 'ஊம்ம்... ஊம்ம்...' என்று வேகம் தானாக ஏறி இறங்கினால் காற்று அல்லது கவர்னர். காற்றை முன்பே பார்த்துவிட்டோம். சில பழைய பம்புகளில் கவர்னர் வேக்குவத்தால் வேலை செய்யும். இன்டேக்கில் ஒரு பட்டர்ஃபிளை, அங்கிருந்து பம்புக்கு ஒரு மெல்லிய குழாய், பம்பின் பின்னால் ஒரு டயபிரம் இருக்கும். இதில் ஸ்பிரிங் எப்போதும் டீசலைக் கூட்டும் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும், வேக்குவம்தான் அதைக் குறைக்கும் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே டயபிரம் கிழிந்தாலும் குழாய் கழன்றாலும் இன்ஜின் நிற்காது, மாறாகக் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். சோதிக்க இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்து, பம்பின் வேக்குவம் வாயை விரலால் அடைத்துக்கொண்டு லிவரை விடுங்கள். டயபிரம் நன்றாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து பிடித்துக்கொள்ளும், விரலை எடுத்ததும்தான் முழுக்கத் திரும்பும். அடைத்திருக்கும்போதே ஒரே ஓட்டமாகத் திரும்பிவிட்டால் டயபிரம் போய்விட்டது.

பட்டறையில் ஓர் இன்ஜின் அப்படித் தாறுமாறாக ஏறினால் ஸ்டாப்பை இழுங்கள். நிற்காவிட்டால் ஏர் கிளீனர் வாயைத் தட்டையான பலகையால் அடையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உறிஞ்சி இழுத்துவிடும். சாலையில் டிரைவருக்கு நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போது சொல்லுங்கள்: கிளட்சை மிதி, பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரேயடியாக அழுத்து, ஸ்டாப் குமிழை இழு, ஸ்டியரிங் பூட்டுகிற அளவுக்குச் சாவியைத் திருப்பாதே. பல பழைய ஜீப்புகளில் சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்காது, ஸ்டாப் கேபிள்தான் நிறுத்தும். அந்தக் கேபிளும் சுலபமாக வருகிறதா என்று பார்த்துவிட்டீர்களா?

இன்ஜின் நன்றாகவே ஓடி, வண்டி மட்டும் உதறுவதும் உண்டு. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் நசுங்கியிருக்கும். கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் உதறல் மறையும் என்பதால் இதற்கும் ஸ்லோவை ஏற்றிவிடுகிறார்கள். ஒரு ஜாக்கியில் மரக்கட்டை வைத்து இன்ஜினை லேசாகத் தாங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மேலே போனால் கரும்புகை, கீழே இல்லை என்கிற புகார் இந்த மலைக்கே உரியது. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. போடி மெட்டு நாலாயிரம் அடிக்கும் மேலே. கீழே கிடைத்த காற்றில் எட்டில் ஒரு பங்கு அங்கே இல்லை, பம்பு தரும் டீசலோ அதே அளவு. மிச்ச டீசல் கரும்புகையாகப் போகிறது. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். இருக்கிற காற்றாவது முழுசாக உள்ளே போகட்டும். இந்த நிலையில் "பம்பை ஏத்திக் குடுங்க" என்பவருக்கு ஏற்றிக் கொடுத்தால், இல்லாத காற்றுக்கு இன்னும் டீசலை ஊற்றுகிறோம். புகை கூடும், இன்ஜின் சூடேறும், இழுவை பெரிதாகக் கூடாது. பம்பில் ஈயச் சீல் வைத்த ஸ்குரூவை உடைக்காதீர்கள். அதைத் தொடுகிறவர் பம்பு பெஞ்ச் வைத்திருப்பவராக இருக்க வேண்டும்.

பெட்ரோல் ஆம்னி, ஜிப்ஸி வகைகளுக்கும் சிறிது. கார்ப்ரேட்டர் வண்டியில், மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். பல கார்ப்ரேட்டர்களில் அந்தச் சின்ன வழியைத் திறந்து மூட ஓர் ஒயரோடு சொலினாய்டு இருக்கும். சாவியைப் போடும்போது அது 'டிக்' என்று சத்தம் தர வேண்டும். தராவிட்டால் ஒயரைப் பாருங்கள், அதற்குமுன் கார்ப்ரேட்டரைக் கழற்ற வேண்டாம். ஸ்லோ அதிகமாக நின்று, 'ஸ்ஸ்' என்று சீறல் கேட்டால் எங்கோ வழி தவறிக் காற்று உள்ளே போகிறது. மேனிஃபோல்டு கேஸ்கட்டைச் சுற்றியும் வேக்குவம் ஓஸ்களிலும் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள், ஓட்டையில் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறும். பெட்ரோலைத் தெளிக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு, சூடான மேனிஃபோல்டில் அது தீ. மிதித்ததும் ஒரு நொடி மூச்சடைத்துப் பிறகு போனால், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கார்ப்ரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டரைத் தள்ளுங்கள். மெல்லிய பீச்சு வர வேண்டும். வராவிட்டால் ஆக்சிலேட்டர் பம்பின் டயபிரம்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் ஸ்லோவை நிர்ணயிப்பது கம்ப்யூட்டரும் ஐடில் வால்வும். திருப்ப ஸ்குரூ தேடாதீர்கள். திராட்டில் பாடியில் கரி படிந்தால் தட்டு ஒட்டிக்கொள்ளும். கிளீனர் விட்டு மென்மையான துணியால் துடையுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால், லோடு எதுவும் போடாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள், அது தன் ஸ்லோவைத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

ஸ்குரூவுக்கு இப்போது வரலாம். கேபிள், காற்று, ஃபில்டர், நாசில், மவுண்டிங் எல்லாம் சரி. இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். லைட், ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். அந்த இன்ஜினின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, பழைய டீசலில் பொதுவாக 700க்கும் 900க்கும் இடையில், ஸ்லோவை வையுங்கள். லாக் நட்டை முடுக்கியபின் மறுபடி பாருங்கள், முடுக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும். பிறகு கேபிளை மாட்டி, முனையில் இரண்டு மில்லிமீட்டர் தளர்ச்சி விடுங்கள். இன்ஜின் அசையும்போது கேபிள் தானாக லிவரை இழுக்காமலிருக்க அந்தத் தளர்ச்சி வேண்டும்.

ஒட்டிப் பார்ப்பதைக் கம்பம் மெயின் ரோட்டில் முடித்துவிடாதீர்கள். லோயர் கேம்பைத் தாண்டிக் குமுளிச் சாலையில் கொஞ்ச தூரம் ஏறி, இடம் பார்த்துத் திருப்பி, இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். வளைவுக்குமுன் பிரேக் பிடித்து வேகம் குறையும்போது இன்ஜின் தள்ளுகிறதா, நிற்கப் பார்க்கிறதா, அமைதியாகப் பிடிக்கிறதா என்று காலும் இடுப்பும் சொல்லிவிடும். கீழே வந்ததும் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, லிவர் ஸ்லோ ஸ்குரூவில் உட்கார்ந்திருக்கிறதா என்று இன்னொரு முறை விரலால் தொட்டுப் பாருங்கள். அதன்பிறகு டிரைவரிடம் சாவியைக் கொடுக்கலாம். கழற்றிய பழைய கேபிளையும் அவர் கையில் கொடுங்கள். எதற்குக் காசு கொடுத்தோம் என்று அவர் பார்க்கட்டும்.

அடுத்த பாடத்தில், இன்ஷா அல்லாஹ், வேக்குவம் பம்பையும் பிரேக் பூஸ்டரையும் பட்டறையில் சோதிக்கும் முறையைப் பார்ப்போம்.